அரிசி தின்ற மருமகள்

எங்கள் வீட்டுச் சமையலறையில், கீழ்த்தட்டில், ஒரு சதுரத் தகரம் இருக்கிறது. திண்டுக்கல்லில் என் அப்பா நடத்திய டீக்கடையில் வருக்கி ரொட்டி போட்டு வைத்திருந்த தகரம். என் கல்யாணத்தின்போது அப்பா அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சீர்ப் பாத்திரங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். பித்தளையும் எவர்சில்வரும் அடுக்கி வைத்த இடத்தில் அது மட்டும் தனியாக முழித்துக்கொண்டு நின்றது. அதன் வட்ட மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நெம்பினால்தான் திறக்கும், திறக்கும்போது 'டங்' என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை ஒரு காலத்தில் நான் மனதாரத் திட்டியிருக்கிறேன். இன்று காலை அரிசி எடுக்கத் திறந்தபோதும் அதே சத்தம்தான் வந்தது. எனக்கு என் மதினியின் ஞாபகம் வந்தது. மதினி என்றால் என் கணவரின் அக்கா.

அந்தத் தகரத்தில் பச்சரிசி வைத்திருப்போம். பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் வைத்த அந்த அரிசியை நான் வெறுமனே அள்ளித் தின்பேன். வாயில் போட்டுக் கடைவாய்ப் பல்லால் நறநறவென்று கடிக்கும்போது மாவும் எச்சிலும் கலந்து பால் மாதிரி ஒன்று தொண்டையில் இறங்கும். அதற்கு ஈடு இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை என்று அப்போது நினைத்தேன். சோறு முன்னால் இருந்தால் பசிக்காது. அரிசி என்றால் கை தானாகப் போகும். புதிதாக வெள்ளையடித்த சுவரைக் கடந்தால் நாக்கில் நீர் ஊறும். இதையெல்லாம் வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், அதனால் அரிசியோடு நிறுத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வயதுக்கு வந்த கொஞ்ச நாளில், இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். டவுனில் அது ஒரு மிரட்டல். பந்தல் நனையும், பந்தி கெடும், சொந்தக்காரர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் மிரட்டிப் பார்த்தாள். ஆனால் நான் வாக்கப்பட்டுப் போனது குஜிலியம்பாறைப் பக்கம். வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர் அது. அங்கே போய் மழை வரும் என்று சொன்னால் யார் பயப்படப் போகிறார்கள்?

என் கல்யாணத்தன்று உண்மையிலேயே மழை பெய்தது. சாதாரண மழை இல்லை. சோளம் கருகிப்போய், ஆடுமாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் கிடந்த ஆவணி அது. என் கணவர் தாலியை என் கழுத்துக்குக் கொண்டுவந்த நேரத்தில் பந்தல் துணி வயிறு தள்ளித் தொங்கி, ஒரு ஓரமாகக் கிழிந்து ஊற்றியது. எனக்குப் பின்னால் நின்று நாத்தனார் முடிச்சுப் போட்டவர் மதினி. நனைந்த மஞ்சள் கயிறு விரலுக்கு வழுக்க, "நில்லுத்தா ஆடாம" என்று என் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வெளியே ஊர் முழுக்க நனைந்துகொண்டே நின்று சிரித்தது. என் தோழி ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இவ அரிசி தின்னி, அதான்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர்க் கோடி வரைக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையை என்னவென்று சொல்வது! மாமனார் போகிற இடமெல்லாம், "எங்க மருமக அரிசி தின்ன புண்ணியந்தான், கம்மா நெறஞ்சிருச்சு" என்று பெருமையடித்தார். வேறு வீடாக இருந்தால் மருமகள் அரிசி தின்கிறாள் என்று மாமியார் தகரத்தைப் பூட்டி வைத்திருப்பாள். என் அத்தையோ மாவுக்கு ஊறப்போடும்போது ஒரு பிடி தனியாக எடுத்து, "இந்தாத்தா, ஒனக்கு" என்று கையில் கொடுப்பார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் கண் கலங்குகிறது. ஆனால் அந்த ஊரே ஒரு நோயைக் கொண்டாடிக்கொண்டிருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் போவதற்குள் நான் வெளுக்க ஆரம்பித்தேன். மாநிறமாக வந்தவள் மெல்ல மெல்ல வெளிறிப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாரும், "புருசன் வீட்டுச் சோறு ஒத்துக்கிருச்சு, நெறம் வந்துருச்சு பாரு" என்றார்கள். பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் என் அக்காமார் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். நானும் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப் போனேன் என்பதைச் சொல்லாமல் என்ன? நம் ஊரில் ஒரு பெண் வெளுத்தால் அதை யார் நோய் என்று சொல்வார்கள்?

உடம்பு மட்டும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறினால் பாதியில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், காதுக்குள் இரைச்சல் கேட்கும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். வாயின் ஓரம் வெடித்து, புளிக்குழம்பு பட்டால் எரியும். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வரும். சோர்வு என்றால் சாதாரணச் சோர்வு இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. டவுனில் வளர்ந்தவள், காட்டு வேலைக்கு உடம்பு வணங்கவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கல்யாணமாகி இவ்வளவு நாளாகிறதே, பிள்ளை உண்டாகவில்லையே என்பது மட்டும்தான் எல்லாருக்கும் கவலை. எனக்கும் அதுதான் பெரிய ஏக்கம்.

மதினி உள்ளூரிலேயே தாய்மாமன் மகனைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம். என் சமையலைக் கிண்டல் செய்வார், நான் பேசுகிற டவுன் பேச்சைக் கிண்டல் செய்வார், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற என் வழக்கத்தைக் கிண்டல் செய்வார். "டீக்கடைக்காரர் மகளுக்குக் கஞ்சிக்கும் டீதேன் வெஞ்சனம்" என்பார். நானும் விட மாட்டேன், ஏதாவது பதிலுக்குச் சொல்வேன். ஊர் முழுக்க என்னை மழைக்காரி என்று கொஞ்சியபோது அவர் ஒருத்தர்தான் அந்தப் பேச்சில் சேரவே இல்லை. பொறாமை என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம். அத்தை காட்டுக்குப் போயிருந்தார். நான் தகரத்தைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டதுதான் தாமதம், கொல்லைப்பக்கக் கதவில் மதினி நின்றார். 'டங்' சத்தம் அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்குமாம். அடிக்கடி கேட்கிறதே என்று பார்க்க வந்திருக்கிறார். தகரத்துப் பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்தார்.

"மூடிய நெம்ப எதுக்குக் கரண்டி? நகம் என்னாச்சு?"

கையை மறைக்கப் பார்த்தேன். பிடித்து இழுத்து விரித்தார். என் நகங்கள் முன்னால் மாதிரி இல்லாமல் தட்டையாகி, சிலது நடுவில் குழிந்து, ஓரம் பிய்ந்து கிடந்தன. பிறகு என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கட்டை விரலால் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார்.

"ஏத்தா, உள்ள செவப்பே இல்லையே. சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு" என்றார். "இம்புட்டு நாளும் இத வச்சுக்கிட்டா தண்ணிக் கொடம் தூக்குன?"

"நெறம் வந்துருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க மதினி" என்றேன் நான், வாயில் அரிசியோடு.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் அப்பிடித்தேன் சொன்னாங்க" என்றார். அன்றுதான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது. தன் ஒரே மகன் வயிற்றில் இருந்தபோது அவரும் வெளுத்திருக்கிறார். பிள்ளை ரோஸ் நிறத்தில் பிறக்கும் என்று ஊர் சந்தோஷப்பட்டிருக்கிறது. பிரசவத்தில் போன ரத்தத்தைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் யார் யாரோ கொடுத்த ரத்தம் ஏறித்தான் பிழைத்தாராம். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. "கண்ண முழிச்சதும் நர்சம்மா, 'முன்னாடியே பாத்துருந்தா இம்புட்டுத் தூரம் வந்துருக்காதுக்கா'ன்னு சொன்னுச்சு. அது மனசவிட்டுப் போக மாட்டேங்குது. நீ இப்ப உண்டாயிட்டேன்னு வச்சுக்க, ஒனக்கும் அந்தக் கதிதேன். நாளைக்கி மொத பஸ்சுக்குக் கெளம்பு" என்றார். நான் அத்தையிடம் கேட்க வேண்டுமே என்றேன். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ மொதல்ல வாயில உள்ளதத் துப்பு" என்றார்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பில் இரும்புச்சத்து அடியோடு வறண்டு கிடக்கிறது, ரத்தம் ஊறுவதற்கு அதுதான் முதல், அது இல்லாததால்தான் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, நகம் குழிவது எல்லாம் என்று நிதானமாகச் சொன்னார். அரிசி தின்கிற ஆசையும் அதே வியாதியின் வேலைதான் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் நாக்கின் ருசி என்று நான் நினைத்திருந்தது ரத்தத்தின் குறையா? காட்டில் செருப்பில்லாமல் நடப்பதால் வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்று அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். சரியாக வருகிறது என்றேன். ரத்தம் தேறும்வரை பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "வீட்டச் சுத்தி முருங்கையா நிக்கிது, தெனமும் கீரதேன் திங்கிறா, இவளுக்கு எப்பிடி ரத்தம் கொறையும்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். எப்படி விழுங்கினேன் என்பதில்தான் எங்கள் குலப்பெருமையே இருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் கெட்டி டீ. அந்த டீயோடு மாத்திரை. சின்ன வயதிலிருந்து காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் அப்பா எங்களுக்கு டீயில்தான் கொடுத்தார். பச்சைத் தண்ணீரில் குடித்தால் மாத்திரை வேலை செய்யாது, சூடு பட்டால்தான் கரையும் என்பது அவருடைய வைத்தியம். கொஞ்ச நாளில் மலம் கறுப்பாகப் போக, அத்தை பயந்துபோய், உடம்புக்குச் சூடு, நிறுத்து என்றார். நானும் நிறுத்தலாமா என்று யோசித்தேன். மாதங்கள் போயின, மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவது வாங்கிக்கொண்டேதான் இருந்தது.

மதினிதான் மறுபடியும் இழுத்துக்கொண்டு போனார். இந்த முறை வெளியே உட்கார மறுத்து, கூடவே உள்ளே வந்தார். ரத்தம் கொஞ்சம்கூட ஏறவில்லையே என்று டாக்டரம்மா யோசித்தார். மறுபடியும் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். சரியாகத்தான் வருகிறது என்று நான் ஆரம்பிக்க, மதினி பொறுக்க மாட்டாமல் குறுக்கே விழுந்தார்.

"என்னாத்தச் சரி? டாக்டரம்மா, எங்க வீட்டுப் பழைய சேல அம்புட்டும் இவ கிழிச்சே தீந்துபோச்சு. இப்ப ஏஞ் சேலையிலயும் கை வச்சுட்டா. ஒவ்வொரு மாசமும் துணி தொவைக்கிற கல்லுல நாந்தான பக்கத்துல நிக்கிறேன்."

எனக்கு வெட்கத்தில் தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு அப்படித்தான், என் அக்காமார் இருவருக்கும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு மேலே போகும், கட்டி கட்டியாகப் போகும், துணி மாற்றி மாளாது. எங்கள் வீட்டில் பெண்ணாய்ப் பிறந்தால் அதுதான் வழக்கம் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வீடு ஏது? அதைப் போய் யாரிடம் பேசுவோம்?

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதிகமாகப் போகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். டீயைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். கீரையில் இருப்பதையும் சேர்த்துத் தடுத்துவிடுமாம். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். இரும்பு மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், டீயை அதிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும், மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம், ரத்தம் தேறிய பிறகும் சில மாதங்கள் நிறுத்தக் கூடாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி, "தொட்டிக்கு அடியில ஓட்டை. மேல தண்ணி விட்டா, அதையும் வாயில துணிய அடச்சுல்ல விட்டுருக்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். ஜன்னலோரம் அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது அன்றுதான்.

அப்பாவிடம் டீ விஷயத்தைச் சொன்னபோது முகம் சுருங்கிப்போனார். வாழ்நாள் முழுக்க டீ ஆற்றிய கை. ஆனால் அடுத்த முறை நான் கடைக்குப் போனபோது, சாப்பிட்டு வந்த எனக்கு டீ கொடுக்க மறுத்துவிட்டார். "செத்த நேரம் ஆகட்டும்மா, அப்பறம் தாரேன்" என்று சொல்லி ஒரு பை நிறைய நெல்லிக்காயை என் மடியில் வைத்தார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கர்ப்பிணிப் பெண் யார் வந்தாலும், "சாப்ட்டு எம்புட்டு நேரமாச்சு தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய்லர் பக்கம் திரும்புவார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ரத்தம் ஊறுவது யாருக்கும் தெரியாது. எனக்கு அது தெரிந்தது ஒரு சாதாரணக் காலையில். பலகாரத்துக்கு அரிசி எடுக்கத் தகரத்தைத் திறந்தேன். அள்ளினேன். பழக்கத்தில் நாலு அரிசியை வாயில் போட்டேன். ஒன்றுமே இல்லை. வெறும் அரிசி. கல் மாதிரி கிடந்தது. துப்பிவிட்டு மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மதினி வீட்டுக்கு ஓடினேன், மூச்சு வாங்காமல் ஓடினேன். அவர் என் கண் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அடுப்பு எரியவே இல்லை.

கெட்ட நேரம், அந்த வருஷம் மழை பொய்த்தது. நான் அரிசி தின்பதை நிறுத்திவிட்டேன் என்பது தெரிந்து ஊர் கொஞ்சம் முகம் சுளித்தது. கோயில் முன்னால் பெரியவர் ஒருத்தர், பாதி விளையாட்டாகத்தான், "என்னத்தா, ஒரு பிடி தின்னாத்தான் என்ன, ஊரு பொழைச்சுக்கிரும்ல" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மதினி முந்திக்கொண்டார். "மழ வேணுமுன்னா நீங்க தின்னுங்க மாமா. பல்லு இருக்குல்ல?" என்றார். பெரியவரே சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. அடுத்த வருஷம் மழை அதன் பாட்டுக்குப் பெய்தது.

பிறகு டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் மகள் உண்டானாள். பிரசவத்தன்று மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாராம். எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லப் போன என் கணவரிடம் மதினி, ஆணா பெண்ணா என்றுகூட முதலில் கேட்கவில்லை; "அவ நல்லாருக்காளா?" என்றுதான் கேட்டிருக்கிறார். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

இந்த வைகாசியில் அந்த மகளுக்குக் கல்யாணம். மதினிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, வாய் மட்டும் நரைக்கவில்லை. அட்சதைக்கு அரிசி அந்தத் தகரத்திலிருந்துதான் எடுத்தோம். மஞ்சள் கலந்தது அவர் கை. அன்று மண்டபத்துக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. குஜிலியம்பாறையிலிருந்து வந்த பழைய ஆட்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு அம்புட்டு மழ, மகளுக்கு ஒரு தூத்தல்கூட இல்லையே" என்று குறைப்பட்டார்கள். "எப்பிடி வரும்? எம் மருமகளுக்கு ஒடம்பு நெறைய ரத்தமிருக்கு" என்றார் மதினி. தம்பி மகள் என்பதால் அவருக்கு அவள் எப்போதும் மருமகள்தான். ஏதோ அவரே போட்டு வைத்த வெயில் மாதிரி அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

கெட்டிமேளம் கொட்டியது. கையில் அட்சதையோடு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மதினி முழங்கையால் என்னை இடித்தார். "வாயில போட்டுறாதத்தா, தூவு." தூவினேன். முதல் அள்ளல் மகள் தலையில் விழுந்தது. கையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சின்னவள் மூத்தவளை வாழ்த்துவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மிச்ச அரிசியை மதினியின் தலையில் போட்டேன்.

"ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார். ஆனால் தட்டிவிடவில்லை. பந்தி முடிந்து எல்லாரும் கிளம்புகிறவரைக்கும் அந்த மஞ்சள் அரிசி அவர் நரைமுடியில் அப்படியே இருந்தது.